நாலு குச்சி 4ஜி ரவுட்டர்: மலைச்சரிவு வீட்டுக்கு வாங்கலாமா?

வாங்கலாம். ஆனால் டப்பாவின் மேல் அச்சடித்திருக்கிற எதற்காகவும் வாங்காதீர்கள், பின்பக்கம் இருக்கிற இரண்டு பித்தளைத் திருகுகளுக்காக மட்டும் வாங்குங்கள். அவசரத்தில் இருப்பவர்கள் இந்த ஒரு வரியோடு போய்விடலாம், மற்றவர்களுக்குக் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

எங்கள் வீடு கொடைக்கானல் மலையில், பண்ணைக்காட்டிலிருந்து தாண்டிக்குடி போகிற பக்கம். ரோட்டிலிருந்து இறங்கி காப்பிச் செடிகளுக்குள் நடந்து போக வேண்டும். சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி, நடுநடுவே மலைவாழை, மேலே தகரக் கூரை, வீட்டுக்குப் பின்னால் ஒரு பெரிய பாறை. ஃபைபர் மெயின் ரோட்டோடு நின்றுவிட்டது, உள்ளே கம்பம் நட்டு இழுத்துத் தர யாருக்கும் மனசில்லை. செல்போனில் ஒரு கோடு வரும், போகும். நான் கோயம்புத்தூரில் பிஎச்டி பண்ணுகிறேன், வயர்லெஸ் தகவல் தொடர்பில் நகரும் ஆன்டெனா என்பதுதான் தலைப்பு. ஊருக்கு வந்தால் டிசி மீட்டிங் (ஆராய்ச்சியைச் சரிபார்க்கிற குழுவின் கூட்டம்), கைடோடு பேசுவது எல்லாம் ஆன்லைனில்தான், "உங்க குரல் விட்டு விட்டு வருது" என்பதை எத்தனை தரம்தான் கேட்பது. ஆன்டெனாவைப் பற்றிப் படிக்கிற பிள்ளை வீட்டில் டவர் எடுக்கவில்லை என்று அப்பா டீக்கடையில் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார். அந்த ரோஷத்தில் வாங்கியதுதான், சிம் போட்டால் டவரிலிருந்து நெட் எடுத்து வீட்டுக்கு வைஃபையாகக் கொடுக்கிற இந்தப் பெட்டி.

பிராண்ட் பெயர் எழுதப் போவதில்லை. ஆன்லைனில் தேடினால் இதே பெட்டி, இதே நாலு குச்சி, வேறு வேறு ஸ்டிக்கரோடு மூவாயிரத்துச் சொச்சத்திலிருந்து கிடைக்கிறது. படத்தைப் பார்த்தாலே இதுதான் என்று தெரிந்துவிடும்: வெள்ளைப் பெட்டி, நான்கு கருப்புக் குச்சி (ஆன்டெனா), முன்னால் பச்சை விளக்குகள்.

வாங்குவதற்கு முன் வத்தலக்குண்டில் ஒரு கடையில் விசாரித்தேன். கடைக்காரர் யோசிக்கவே இல்லை. "குச்சி எத்தனைன்னு பாருங்க தம்பி. ரெண்டு குச்சின்னா டவுனுக்கு, நாலு குச்சின்னா மலைக்கு." அவர் மேல் தப்பில்லை, விளம்பரமும் அப்படித்தான் சொல்கிறது. உள்ளே திறந்து பார்த்தால் நாலு குச்சியில் இரண்டுதான் 4ஜிக்கு. மற்ற இரண்டும் வைஃபைக்கு, அதாவது பெட்டியிலிருந்து உங்கள் போனுக்கு வருகிற கடைசி பத்தடிக்கு. டவர் பக்கம் அவற்றுக்கு எந்த வேலையும் இல்லை. மலைக்கு நாலு, டவுனுக்கு ரெண்டு என்பதெல்லாம் கடை ஓட வேண்டி வந்த பேச்சு.

நல்ல விஷயம் என்னவென்றால், அந்த இரண்டு 4ஜி குச்சிகளையும் கழற்ற முடியும். எஸ்எம்ஏ என்று சொல்கிற சின்னத் திருகு முனை. வைஃபை குச்சிகள் கழறாது, கழற வேண்டிய தேவையும் இல்லை. இதே விலையில் வருகிற பல பெட்டிகளில் நாலுமே உள்ளே பசை போட்டு ஒட்டியிருக்கும், சிலவற்றில் குச்சி வெறும் அலங்காரம், உண்மையான ஆன்டெனா உள்ளே சர்க்யூட் போர்டிலேயே இருக்கும். அதனால் வாங்குவதற்கு முன் படத்தைப் பெரிதாக்கி, குச்சியின் அடியில் பித்தளை வளையம் தெரிகிறதா என்று பாருங்கள். தெரியவில்லை என்றால் விட்டுவிடுங்கள்.

வேகம் பற்றி ஒரு வரி. டப்பாவில் 150 எம்பிபிஎஸ் என்று போட்டிருக்கும். அது கேட்டகிரி 4 என்கிற வகையின் ஏட்டு எல்லை: இறக்கத்துக்கு (டவுன்லோட்) 150, ஏற்றத்துக்கு (அப்லோட்) 50. டவருக்குக் கீழே நீங்கள் ஒருவர் மட்டும் உட்கார்ந்திருந்தால் கிடைக்கலாம். மலையில் அந்த எண்ணை மறந்துவிடுங்கள். இங்கே கேள்வியே வேறு, வீடியோ கால் அறுந்துபோகாமல் நிற்குமா நிற்காதா என்பதுதான்.

இந்தப் பெட்டியில் எனக்கு மிகவும் பிடித்தது அதன் அட்மின் பக்கம், அதாவது பிரௌசரில் திறக்கிற செட்டிங்ஸ் பக்கம். அசிங்கமாக இருக்கும், மெதுவாகத் திறக்கும், ஆங்கிலம் தப்பும் தவறுமாக இருக்கும், ஆனால் உண்மையைச் சொல்லும். முன்னால் இருக்கிற பச்சைக் கோடுகளை நம்பாதீர்கள். அட்மின் பக்கத்தில் ஆர்எஸ்ஆர்பி, எஸ்ஐஎன்ஆர் என்று இரண்டு எண் இருக்கும். முதலாவது டவரின் சிக்னல் எவ்வளவு பலமாக வந்து சேருகிறது என்பது. மைனஸ் 80ஐ ஒட்டி இருந்தால் அமோகம், மைனஸ் 100 சுமார், மைனஸ் 110க்குக் கீழே போனால் தள்ளாட்டம். இரண்டாவது, அந்த சிக்னல் மற்ற டவர்களின் சத்தத்துக்கும் இரைச்சலுக்கும் மேலே எவ்வளவு தலைதூக்கி நிற்கிறது என்பது. 20 வந்தால் கொண்டாடலாம், பூஜ்யத்துக்குக் கீழே போனால் பெட்டியைத் திட்டிப் பிரயோஜனமில்லை. இந்த எண்களெல்லாம் டெசிபல் என்கிற கணக்கில் வருபவை: 3 கூடினால் திறன் இரண்டு மடங்கு, 10 கூடினால் பத்து மடங்கு. இந்த ஒரு வாய்ப்பாடு தெரிந்தால் போதும்.

சரி, போட்டுப் பார்த்ததைச் சொல்கிறேன். முதலில் ஹாலில், டிவி பக்கத்தில். தகரக் கூரைக்குக் கீழே, சிமெண்ட் சுவருக்கு உள்ளே, எதிர்பார்த்த மாதிரியே எதுவும் இல்லை. அடுத்து ஜன்னல் மேடை. அங்கே வைத்ததும் உயிர் வந்தது. அப்புறம்தான் என் தொழில் புத்தி வேலை செய்தது. பெட்டியை ஜன்னல் மேடையிலேயே இரண்டு விரல் அகலம் இடப்பக்கம் தள்ளினேன். எண் தடாலென்று இறங்கியது. இன்னும் கொஞ்சம் தள்ளினால் பழையபடி ஏறியது, முதலில் இருந்ததைவிடவும் மேலே போனது. டவரும் அதே டவர், ஜன்னலும் அதே ஜன்னல், இடம் மட்டும் ஒரு தீப்பெட்டி அளவுக்கு மாறியிருக்கிறது. பார்த்துக்கொண்டிருந்த அப்பா, "என்னப்பா இது, அம்மி நகர்த்துற மாதிரி நகர்த்திக்கிட்டே இருக்க" என்றார்.

இதுதான் என் ஆராய்ச்சிப் பொருள் என்று அவருக்குச் சொன்னதை இங்கேயும் சொல்லிவிடுகிறேன். டவரிலிருந்து கிளம்புகிற அலை ஒரே வழியில் வீட்டுக்கு வருவதில்லை. நேராகக் கொஞ்சம், பின்பக்கப் பாறையில் பட்டுக் கொஞ்சம், கீழ்வீட்டுத் தகரத்தில் பட்டுக் கொஞ்சம், மரங்களில் சிதறிக் கொஞ்சம் என்று வரும். ஒவ்வொன்றும் கடந்த தூரம் வேறு. அதனால் ஒன்றின் மேடும் இன்னொன்றின் மேடும் சேர்கிற இடத்தில் சிக்னல் கூடும், மேடும் பள்ளமும் சேர்கிற இடத்தில் அழிந்துபோகும். சம பலமுள்ள இரண்டு அலைகள் என்று வைத்துக்கொண்டால், சேர்கிற இடத்தில் ஒற்றை அலையின் நான்கு மடங்கு திறன், அழிகிற இடத்தில் சுத்தமாக ஒன்றுமில்லை. அவை எதிரெதிர்த் திசையிலிருந்து வந்தால் இந்த இரண்டு இடங்களுக்கும் நடுவே தூரம் கால் அலைநீளம் (அலையின் ஒரு மேட்டிலிருந்து அடுத்த மேடு வரை உள்ள தூரம்தான் அலைநீளம்). 4ஜி ஓடுகிற அலைவரிசைகளில் ஒன்றான 2300 மெகாஹெர்ட்ஸில் அலைநீளமே 13 சென்டிமீட்டர்தான், அதில் கால் பங்கு மூன்று சென்டிமீட்டர் சொச்சம். ஜன்னலில் நான் தள்ளிய இரண்டு விரல் அகலத்தின் கணக்கு அதுதான்.

நம் பக்கத்தில் எல்லோரும் இதைக் காதால் கேட்டிருக்கிறோம். காட் ரோட்டில் பஸ்ஸில் கொடை பண்பலை ஓடிக்கொண்டிருக்கும், 100.5 மெகாஹெர்ட்ஸ், அலைநீளம் மூன்று மீட்டர். வளைவில் எதிர் வண்டிக்காக பஸ் நிற்கும்போது பாட்டு இரையத் தொடங்கும், இரண்டு முழம் முன்னால் நகர்ந்தால் தெளிந்துவிடும். நிலையம் எங்கும் போகவில்லை, பஸ் சிக்னல் பள்ளத்தில் நின்றிருந்தது, அவ்வளவுதான்.

ஆனால் கூரை மேல் ஏறி கொடைக்கானல் டிவி கோபுரத்தைப் பார்த்து ஆன்டெனாவைத் திருப்பி, "தெரியுதா? இப்பத் தெரியுதா?" என்று கத்தினோமே, அதோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அது திருப்புவது, எந்தத் திசையிலிருந்து வாங்குவது என்கிற கேள்வி. இது நகர்த்துவது, திசை மாறாமல், ஆன்டெனா நிற்கிற புள்ளி மட்டும் மாறுவது. இந்தப் பெட்டியின் குச்சிகளை மடக்கலாம், சுழற்றலாம், ஆனால் நகர்த்த வேண்டுமென்றால் பெட்டியையே தூக்க வேண்டும். என்னுடைய முதல் குறை அதுதான். ஒரு மீட்டர் நீளத்தில் இரண்டு ஒயரும் கீழே காந்தம் ஒட்டிய ஓர் அடிப்பாகமும் கொடுத்திருந்தால் பெட்டி ஒரு மூலையிலும் குச்சி நல்ல இடத்திலும் நின்றிருக்கும். கூடுதல் செலவு ஒரு பிரியாணி விலைகூட வராது.

ஆராய்ச்சி உலகத்தில் இந்த யோசனை இப்போது சூடாக இருக்கிறது. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் கை-கிட் வாங் குழுவினர் 2020ஐ ஒட்டித் திரவ ஆன்டெனா என்ற பெயரில் எழுத ஆரம்பித்தார்கள். சிறு இடத்துக்குள் ஆன்டெனாவின் நிலையை மாற்றிக்கொண்டே நல்ல புள்ளியைப் பிடிப்பது. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்திலிருந்து லிபெங் ஜூ, ரூய் ஜாங் போன்றவர்கள் 2022ல் நகரும் ஆன்டெனா என்று தனியாக மாதிரி கட்டி எழுத ஆரம்பித்தார்கள். 2024ல் மூன்று திசை நகர்வோடு மூன்று அச்சுச் சுழற்சியையும் சேர்த்து ஆறு பரிமாணம் என்றும் வந்துவிட்டது, அன்றைக்குக் கூரை மேல் செய்ததும் நான் ஜன்னலில் செய்ததும் ஒரே கட்டுரைக்குள் வந்துவிட்டன என்று வைத்துக்கொள்ளுங்கள். எதற்காக இந்த மெனக்கெடல் என்றால், ஆன்டெனா எண்ணிக்கையைக் கூட்டினால் ஒவ்வொன்றுக்கும் தனியாகப் பெருக்கி, மாற்றி என்று ஒரு முழு ஆர்எஃப் செயின் வேண்டும், காசும் கரண்டும் அதில்தான் போகிறது. நாலு ஆன்டெனாவை நாலு இடத்தில் நிறுத்துவதற்குப் பதில் ஒன்றையே நாலு இடத்துக்குக் கொண்டுபோனால் என்ன?

கணக்குப் போட்டால் ஆசை வரும். நேர்ப்பார்வை இல்லாமல் நாலா பக்கமும் சிதறி வருகிற அலைகள் என்ற வழக்கமான மாதிரியில், ஒரு குச்சியைக் கண்ணை மூடிக்கொண்டு எங்காவது வைத்தால், சராசரியில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழான பள்ளத்தில் அது மாட்ட நூற்றுக்கு ஒன்பது பத்து வாய்ப்பு உண்டு. ஒன்றையொன்று சாராத நாலு இடம் பார்த்து இருப்பதில் நல்லதில் வைத்தால், அந்த வாய்ப்பு பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் கீழே போய்விடும். சராசரி லாபம் என்னவோ சுமார் 3 டெசிபல்தான், இரண்டு மடங்கு. ஆகவே நகர்த்துவதன் பெரிய பலன் உச்சத்தைப் பிடிப்பதில் இல்லை, பள்ளத்திலிருந்து தப்பிப்பதில் இருக்கிறது. ஒன்றையொன்று சாராத இடம் என்பதற்கு அலைநீளத்தில் 0.4 பங்கு தள்ளினால் ஏறக்குறையப் போதும், 2300ல் ஐந்து சென்டிமீட்டர்.

வீட்டில் ஒரு லீனியர் ஸ்லைடு, அதாவது மோட்டாரால் நேர்கோட்டில் நகர்கிற தட்டு, கிடந்தது, லேபில் கழித்துப் போட்டது. ஸ்டெப்பர் மோட்டார், ஒரு சுற்றுக்கு 200 ஸ்டெப் வைக்கும், திருகுத்தண்டு ஒரு சுற்றுக்கு 8 மில்லிமீட்டர் நகர்த்தும், ஆக ஒரு ஸ்டெப்புக்கு 0.04 மில்லிமீட்டர். ரவுட்டருக்கு இவ்வளவு நுணுக்கம் தேவையே இல்லை, ஆசைக்காகத்தான். ஒரு குச்சியைக் கழற்றி, சின்ன ஒயர் போட்டு, ஸ்லைடின் மேல் நிறுத்தி, திண்ணையில் வைத்து ஓட்டினேன். அட்மின் பக்கத்தை லேப்டாப் படித்து எழுதிக்கொள்ள, கோடு மேலும் கீழுமாக வந்தது. ஒரு சாண் தூரத்துக்குள் நல்ல இடத்துக்கும் கெட்ட இடத்துக்கும் வித்தியாசம் ஆறேழு டெசிபல். பெட்டியின் விலைக்கு இது பெரிய விஷயம். குரங்குகள் கூரையிலிருந்து எட்டிப் பார்த்ததால் பரிசோதனை அன்றைக்கு அவ்வளவோடு நின்றது.

இங்கே ஆய்வுக் கட்டுரைகளுக்கும் திண்ணைக்கும் உள்ள இடைவெளியையும் சொல்ல வேண்டும். கட்டுரைகளில் இருபது முப்பது டெசிபல் பள்ளம் காட்டுவார்கள், அது ஒற்றை அதிர்வெண்ணுக்கு. உண்மையான 4ஜி 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் வருகிறது. ஒரு எதிரொலி நேர் அலையைவிட 300 மீட்டர் கூடுதலாகச் சுற்றி வந்தால் ஒரு மைக்ரோ விநாடி தாமதம், அப்போது பள்ளங்கள் ஒவ்வொரு மெகாஹெர்ட்ஸுக்கும் ஒன்று என்று வரிசையாக விழும், 20 மெகாஹெர்ட்ஸுக்குள் மேடும் பள்ளமும் கலந்து சமமாகிவிடும், நீங்கள் எவ்வளவு நகர்த்தினாலும் மொத்தத்தில் பெரிதாக மாறாது. ஆனால் எதிரொலி கொடுப்பது மூன்று மீட்டர் வித்தியாசத்தில் இருக்கிற பக்கத்துத் தகரமாக இருந்தால் பள்ளங்களுக்கு நடுவே 100 மெகாஹெர்ட்ஸ் இடைவெளி, முழு சிக்னலும் ஏறக்குறைய ஒன்றாகவே ஏறும், ஒன்றாகவே இறங்கும். எதிர்மலை எதிரொலிக்கு நகர்த்தல் உதவாது, வீட்டுப் பாறைக்கும் கூரைக்கும் உதவும். எங்கள் வீட்டில் இரண்டும் கலந்திருக்கிறது, அதனால்தான் ஆறேழு.

டவர் கண்ணுக்கு நேரே தெரிகிற வீடு என்றால், சுற்றிலும் எதுவும் இல்லை என்றால், நகர்த்துவதே வீண். ஒரே ஒரு வழியில் வருகிற அலைக்கு மேடுபள்ளம் கிடையாது. அந்த வீட்டுக்காரர்கள் இந்த விமர்சனத்தையே படிக்க வேண்டியதில்லை, குச்சியைச் சரியாக மடக்கி வைத்தால் போதும். அதற்கும் ஒரு குறிப்பு: இரண்டு குச்சிகளையும் கோபுரம் மாதிரி நேராக நிறுத்தாதீர்கள், ஒன்றை இடப்பக்கம் 45 டிகிரி, மற்றதை வலப்பக்கம் 45 டிகிரி சாய்த்து வையுங்கள். டவரில் இருக்கிற ஆன்டெனாக்கள் பெரும்பாலும் அப்படிக் குறுக்காகச் சாய்ந்த இரண்டு துருவமுனைப்பில்தான், அதாவது அலை ஆடுகிற இரண்டு சாய்வில்தான், அனுப்புகின்றன. குச்சியின் நுனியை மட்டும் டவரைப் பார்த்து நீட்டாதீர்கள், நுனித் திசையில் அதற்குக் கண் தெரியாது.

பள்ளத்தாக்கைப் பார்த்த வீடுகளுக்கு வேறு தலைவலி. எங்கள் சரிவின் விளிம்பில் நின்றால் ராத்திரியில் கீழே சமவெளி விளக்குகள் தெரியும். விளக்கு தெரிகிறது என்றால் அங்கிருக்கிற டவர்களும் பெட்டிக்குத் தெரிகின்றன என்று அர்த்தம். ஒரே கம்பெனியின் டவர்கள் எல்லாம் ஒரே அலைவரிசையில் பேசுவதால் ஆர்எஸ்ஆர்பி அருமையாக இருக்கும், எஸ்ஐஎன்ஆர் அழுதுவடியும். பக்கத்துத் தோட்டத்து அண்ணன் வீட்டில் இதே கதை, "ஃபுல்லு டவரு காட்டுது, ஒரு போட்டோ போக மாட்டேங்குது" என்று புலம்புவார். அங்கே பெட்டியை உயரத்தில் வைக்கக் கூடாது. விளிம்பிலிருந்து உள்ளே இழுத்து, வீட்டுச் சுவரே சமவெளியை மறைக்கிற மாதிரி வைத்துவிட்டு, மலை மேல் இருக்கிற டவரை மட்டும் பார்க்க வைத்தோம். ஆர்எஸ்ஆர்பி குறைந்தது, போட்டோ போனது. அட்மின் பக்கத்தில் பேண்ட் லாக், செல் லாக் (பெட்டியை ஒரே அலைவரிசையில் அல்லது ஒரே டவரில் பூட்டி வைப்பது) இரண்டும் இருப்பது இந்த விலைக்கு ஆச்சரியம், அவருக்கு செல் லாக் போட்டுக்கொடுத்த பிறகு இரண்டு டவருக்கு நடுவே பெட்டி அல்லாடுவதும் நின்றது. மலைவிளிம்பு வீட்டுக்காரர்கள் இதற்காகவே வாங்கலாம்.

நகரும் ஆன்டெனா என்றதும் எனக்கு எப்போதும் ஊட்டிதான் ஞாபகம் வரும், இந்தப் பெட்டிக்கு நேரடியாகச் சம்பந்தமில்லை என்றாலும் சொல்லிவிடுகிறேன். முத்தொரையில் இருக்கிற ரேடியோ தொலைநோக்கி, கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் கட்டி 1970ல் இயங்கத் தொடங்கியது. 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். அந்த இடத்தின் அட்சரேகை ஏறக்குறைய 11 டிகிரி, அதே 11 டிகிரி வடக்கு தெற்குச் சாய்வுள்ள ஒரு மலைச்சரிவைத் தேடிப் பிடித்து அதன் மேலேயே கட்டினார்கள். அதனால் தொலைநோக்கியின் நீள அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக வந்துவிட்டது, ஒரே அச்சில் சுழற்றிக்கொண்டே போனால் ஒரு நட்சத்திரத்தை ஒன்பது மணி நேரத்துக்கும் மேல் பின்தொடரலாம். கிழக்கு மேற்குக்கு இயந்திரம், வடக்கு தெற்குக்கு, வரிசையாக நிற்கிற சின்ன டைபோல் ஆன்டெனாக்களின் ஃபேஸை, அதாவது அலையின் மேடுபள்ளம் வந்து சேர்கிற நேரத்தை, மின்னணுவால் மாற்றுவது. எதை மோட்டார் செய்ய வேண்டும், எதை மின்னணுவிடம் விட வேண்டும் என்று எங்கள் கைடு அடிக்கடி கேட்கிற கேள்விக்கு அந்த மலைச்சரிவில் ஐம்பது வருஷத்துக்கு முன்பே ஒரு பதில் நிற்கிறது.

பெட்டிக்குத் திரும்புவோம். இரண்டாவது குறை ஒயர். இதோடு தனியாக விற்கிற "10 மீட்டர் அவுட்டோர் ஆன்டெனா செட்" என்று ஒன்று உண்டு, விமர்சனங்களில் ஐந்து நட்சத்திரம். அதில் வருகிற மெல்லிய ஒயர் ஆர்ஜி 58 வகை, 2300 மெகாஹெர்ட்ஸை ஒட்டி மீட்டருக்குச் சுமார் 1 டெசிபல் தின்னும். பத்து மீட்டருக்குப் பத்து டெசிபல். ஆன்டெனா சம்பாதித்துக் கொடுத்ததையெல்லாம் வழியிலேயே ஒயர் சாப்பிட்டுவிடும், கூரை மேல் ஏறியதுதான் மிச்சம். எல்எம்ஆர் 400 மாதிரி தடித்த ஒயர் போட்டால் மீட்டருக்குக் கால் டெசிபலுக்கும் குறைவு, ஆனால் விலையும் விறைப்பும் அதிகம், அதன் எடையில் இந்தச் சின்னத் திருகு முனை பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். என் வழி என்னவென்றால், ஆன்டெனா ஒயரை ஒரு மீட்டருக்குள் வைத்துக்கொண்டு பெட்டியையே ஆன்டெனா பக்கம் கொண்டுபோய்விடுவது. அங்கிருந்து வீட்டுக்குள் சாதா லேன் ஒயர், நூறு மீட்டர் வரை போகும், அதில் வருவது டிஜிட்டல், வழியில் கரைவதில்லை.

இப்போது எங்கள் வீட்டில் பெட்டி தாழ்வாரத்து இறவாணத்துக்குக் கீழே, மழை படாத இடத்தில். வெளியே ஒரு இரும்புக் குழாயில் தட்டையான பேனல் ஆன்டெனா, உள்ளேயே இரண்டு குறுக்குத் துருவமுனைப்பு இருக்கிற வகை. குழாயைச் சுவரில் அடித்து நிறுத்தாமல், கிளாம்ப்பைத் தளர்த்தினால் பக்கவாட்டில் ஒரு முழம் ஓடுகிற மாதிரி பட்டறையில் சொல்லி ஒரு சட்டம் செய்து வாங்கினேன். வெல்டிங் பட்டறைக்காரர் எதற்கு என்று கேட்டார், சொன்னேன், "ஆன்டெனாவுக்கு ஸ்லைடிங் கேட்டா?" என்று சிரித்தார். கையால் நகர்த்தி நல்ல இடம் வந்ததும் போல்ட்டை முறுக்கிவிட்டேன். மோட்டார் தேவையில்லை, ஏனென்றால் எங்கள் வீடும் நகரப் போவதில்லை, பாறையும் நகரப் போவதில்லை. மரம் வளர்ந்தாலோ கீழ்வீட்டுக்காரர்கள் கூரை மாற்றினாலோ மறுபடியும் ஒரு தரம் பார்த்துக்கொள்ளலாம். ஏற்றப் பக்கத்துக்கும் இது உதவியது, அதுதான் எனக்கு முக்கியம். டவர் பத்துப் பதினைந்து வாட்டுக்கு மேல் கத்தும், இந்தப் பெட்டி அதிகபட்சம் 200 மில்லிவாட், அதனால்தான் நமக்கு அவர்கள் குரல் கேட்கும், அவர்களுக்கு நம் குரல் விட்டு விட்டுப் போகும்.

திருகு முனைகளை வானத்தைப் பார்த்து வைக்காதீர்கள், கீழ்நோக்கி இருக்கட்டும். தானாக ஒட்டிக்கொள்கிற ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றுங்கள், ஒயர் பெட்டிக்குள் நுழைவதற்கு முன்னால் கீழே ஒரு வளைவு தொங்கட்டும், தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும். ஐப்பசி கார்த்திகை மழை இந்தப் பக்கம் எப்படி அடிக்கும் என்று இங்கிருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. டப்பாவில் அவுட்டோர் என்று ஒரு வார்த்தை இருக்கிறது, நம்ப வேண்டாம், காற்றோட்டத்துக்கு விட்ட ஓட்டைகள் வழியே எறும்பு குடும்பத்தோடு போய்விடும். ஒயரைக் குழாய்க்குள் விடுங்கள், இல்லையென்றால் குரங்கு ஊஞ்சல் ஆடும்.

பனி இறங்கினால் நெட் போகிறது என்று ஊரில் எல்லோரும் சொல்கிறார்கள். 4ஜி அலைவரிசைகளில் மூடுபனியோ மழையோ காற்றில் தின்பது ஒன்றுமே இல்லை என்று சொல்லலாம், மழை 10 கிகாஹெர்ட்ஸுக்கு மேல்தான் கடிக்கத் தொடங்கும். ஆனாலும் அவர்கள் பார்த்தது பொய்யில்லை. டவருக்கே நெட் மைக்ரோவேவ் தட்டு வழியாக மலைவிட்டு மலை வருகிறது என்றால் அது பெரும்பாலும் 15, 18, 21 கிகாஹெர்ட்ஸ் பக்கம் ஓடும், கனமழையில் அது தள்ளாடும். நனைந்த இலைகள் வேறு காய்ந்த இலைகளைவிட அதிகம் உறிஞ்சும். கரண்ட் போய் டவர் பேட்டரி தீர்ந்துபோவது எல்லாவற்றுக்கும் மேல். இது எதற்கும் எந்த ஆன்டெனாவை எங்கே நகர்த்தியும் புண்ணியமில்லை. மே மாதச் சீசனில் டூரிஸ்ட் கூட்டம் ஏறும்போது சிக்னல் எண்கள் அப்படியே இருக்க வேகம் மட்டும் படுத்துவிடும், அதுவும் பெட்டியின் குற்றமில்லை.

அடாப்டர் 12 வோல்ட். இது நல்ல செய்தி, கடைகளில் கிடைக்கிற சின்ன 12 வோல்ட் மினி யுபிஎஸ் அப்படியே பொருந்துகிறது, கரண்ட் போனாலும் மீட்டிங் நிற்பதில்லை. பெட்டி வெயில் நாளில் சூடாகிறது, மலையில் பரவாயில்லை, திண்டுக்கல்லில் இருப்பவர்கள் யோசியுங்கள். சிம் போடுகிற இடம் படுமட்டம், கொஞ்சம் அழுத்திவிட்டால் உள்ளேயே போய்விடும், குறடு வைத்துத்தான் எடுக்க வேண்டும். மென்பொருள் அப்டேட் என்று ஒரு பட்டன் இருக்கிறது, அழுத்தினால் சுற்றிக்கொண்டே இருக்கும். அட்மின் பாஸ்வேர்டை வாங்கிய அன்றே மாற்றுங்கள்.

விற்பனைக்குப் பிந்தைய சேவை பற்றிக் கேட்காதீர்கள் என்று எழுத ஆசை, ஆனால் எழுதத்தான் வேண்டும். முதலில் வந்த பெட்டியில் ஒரு திருகு முனை உள்ளே லூசாகச் சுற்றியது. விற்றவர்களுக்குப் போன் போட்டால், எங்கள் பின்கோடுக்கு பிக்கப் கிடையாது, நீங்களே அனுப்புங்கள் என்றார்கள். டெலிவரிக்கு மட்டும் பின்கோடு தெரிந்திருக்கிறது. வத்தலக்குண்டு இறங்கி கூரியரில் போட்டேன், மாற்றுப் பெட்டி வந்தது, அனுப்பிய காசு வரவில்லை. அந்தப் பக்கம் பேசிய பொண்ணு மரியாதையாகத்தான் பேசினார், "சார், மலைன்னா கொஞ்சம் டிலே ஆகும் சார்" என்பதற்கு மேல் அவரால் எதுவும் செய்ய முடியவில்லை.

மெயின் ரோட்டில் ஃபைபர் கிடைக்கிறவர்கள் இதைத் தொடவே வேண்டாம். போனிலேயே இரண்டு மூன்று கோடு நிலையாக நிற்கிற வீட்டுக்கும் ஹாட்ஸ்பாட்டே போதும். கடைசி வீடு, காப்பித் தோட்டத்து நடு வீடு, பாறைக்கு அடியில் இருக்கிற வீடு, இவர்களுக்குத்தான் இது. 5ஜி பெட்டிக்குக் காத்திருக்கலாமா என்று இரண்டு பேர் கேட்டார்கள். 3500 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் ஒன்பது சென்டிமீட்டருக்கும் குறைவு, மேடும் பள்ளமும் இன்னும் நெருக்கமாக இருக்கும், நகர்த்துவதற்கு ஏற்றது, ஆனால் அந்த அலை காப்பித் தோட்டத்து நிழல் மரங்களைத் தாண்டி வருவதே கஷ்டம். 700ல் வந்தால் மரத்தைத் தாண்டும், அப்போது அரை அலைநீளமே 20 சென்டிமீட்டருக்கு மேல், ஜன்னல் மேடை பத்தாது.

வாங்கினால் ரிட்டர்ன் தேதி முடிவதற்குள் இதைச் செய்துவிடுங்கள்: போனில் அட்மின் பக்கத்தைத் திறந்து வைத்து, பெட்டியை ஜன்னலோரம் இரண்டு விரல் அகலமாக நகர்த்தி, ஒவ்வொரு இடத்திலும் அரை நிமிஷம் கையை எடுத்துவிட்டு நின்று எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் உங்கள் உடம்பே அலையை மறைக்கும், அட்மின் பக்கமும் எண்ணை மெதுவாகத்தான் புதுப்பிக்கும். ஒரு முழத்துக்குள் எந்த இடத்திலும் ஆர்எஸ்ஆர்பி மைனஸ் 115ஐத் தாண்டி மேலே வரவில்லை என்றால், குச்சியைக் கழற்றிப் பேனல் மாட்டினாலும் பெரிதாகத் தேறாது, டப்பாவைக் கிழிக்காமல் திருப்பி அனுப்பிவிடுங்கள், கூரியர் காசு உங்களுடையது.